வாடகைக் கப்லாக் சாரத்துக்குத் தயாரிப்பாளரின் கையேட்டை எங்கே தேடுவது, எப்படிப் பயன்படுத்துவது?

கேள்வி: கிருஷ்ணகிரி தள மேற்பார்வையாளர்

அனைவருக்கும் வணக்கம். நான் கட்டடவியலில் பட்டயப் படிப்பு முடித்து ஆறு ஆண்டுகளாகக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தள மேற்பார்வையாளராக வேலை செய்து வருகிறேன். இப்போது சாலையை ஒட்டி நிற்கும் ஒரு வணிகக் கட்டடத்தில் வெளிப்பூச்சு வேலை தொடங்கவிருக்கிறது. தரைத்தளமும் மூன்று மாடிகளும் சேர்ந்து, மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் வரை ஏறத்தாழ 14 மீட்டர் உயரம். இதுவரை நான் பார்த்த வேலைகள் பெரும்பாலும் சவுக்குக் கம்பும் கயிறும் கொண்டு கட்டிய சாரத்தில் நடந்தவை. இந்த முறை இரும்புச் சாரம் வேண்டும் என்று உரிமையாளர் சொல்லிவிட்டதால், இரண்டு வாடகைக் கடைகளிலிருந்து கப்லாக் பொருள்களை (நிற்கும் குழாயில் உள்ள கிண்ணம் போன்ற கப்புகளில் கிடைக்குழாயின் முனையைச் செருகிப் பூட்டும் சாரம்) எடுத்து வந்து இறக்கியிருக்கிறோம்.

உரிமையாளரின் ஆலோசனைப் பொறியாளர் தளத்துக்கு வந்து பார்த்துவிட்டு, “இதைத் தயாரித்த நிறுவனத்தின் கையேட்டை என்னிடம் காட்டிய பிறகு கட்டத் தொடங்குங்கள்” என்று கூறிச் சென்றார். கடைகளில் கேட்டேன். இத்தனை ஆண்டுகளில் எவரும் அப்படி ஒன்றைக் கேட்டதில்லை என்றார்கள். இணையத்தில் தேடியபோது வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் கப்லாக் கையேடு கிடைத்தது. படத்தில் இருப்பதும் என் தளத்தில் கிடப்பதும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கின்றன. அந்தக் கையேட்டின் சுமை அட்டவணையை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா? கூடாது என்றால், எங்கள் பொருளுக்குரிய கையேட்டை எப்படிக் கண்டுபிடிப்பது? கிடைத்தபின் அதில் எதை முதலில் பார்க்க வேண்டும்?

நான் இதைக் கேட்பதற்கு ஒரு காரணம் உண்டு. சென்ற ஆண்டு வேறொரு தளத்தில், சித்திரை மாதத்துக் கோடை மழைக்கு முன் வீசிய காற்றில், பச்சை வலை போர்த்தியிருந்த சாரம் சுவரைவிட்டு விலகிச் சாய்ந்துவிட்டது. சாப்பாட்டு நேரம் என்பதால் மேலே யாரும் இல்லை. அரை மணி நேரம் முன்பு அதே பலகையில் ஐந்து பேர் நின்றிருந்தார்கள். அந்த ஐந்து பேரின் முகங்கள் இன்றும் என் நினைவில் இருக்கின்றன.

பதில் 1: ஓசூர் சாரப் பொறுப்பாளர்

தம்பிக்கு வணக்கம். ஓசூர் தொழிற்பேட்டைப் பகுதியில் தொழிற்சாலைக் கட்டுமானங்களுக்குச் சாரம் கட்டும் குழுவை இருபது ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். உங்கள் முதல் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன்: அந்த வெளிநாட்டு நிறுவனத்தின் அட்டவணையை எடுத்துக்கொள்ளக் கூடாது. ஓர் அட்டவணையில் உள்ள எண் அந்த நிறுவனம் தன் குழாயை, தன் கப்பை, தன் பற்றவைப்பைச் சோதித்துப் பெற்ற எண். தோற்றம் ஒன்றாக இருப்பதால் தாங்குதிறனும் ஒன்றாகிவிடாது. குழாயின் சுவர் தடிமன், இரும்பின் தரம், கீழ்க் கப் பற்றவைக்கப்பட்ட விதம், லெட்ஜரின், அதாவது கிடைக்குழாயின், முனையில் உள்ள நாக்கின் வார்ப்பு ஆகிய நான்கில் ஒன்று மாறினாலும் அந்த எண்ணுக்கு உங்கள் தளத்தில் பொருள் இல்லை.

ஆகவே பொருளை அடையாளம் காண்பதுதான் முதல் வேலை. மேல் கப்பிலும் லெட்ஜர் நாக்கிலும் தயாரிப்பாளரின் பெயரோ சுருக்கெழுத்தோ புடைப்பாக வார்க்கப்பட்டிருப்பது வழக்கம். நிற்கும் குழாயில், அதாவது நாம் வெர்டிகல் என்று சொல்வதில், அச்சடித்த குத்துமுத்திரை இருக்கலாம். பல முறை பெயின்ட் பூசிய பொருளில் அது கண்ணுக்குத் தெரியாது. கம்பிப் பிரஷால் தேய்த்து, சாய்வாக டார்ச் வெளிச்சம் அடித்துப் பாருங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை கிடைத்தால் அதோடு நின்றுவிடாதீர்கள். குழாய் எந்தத் தரத்தில் உருட்டப்பட்டது என்பதற்கு மட்டுமே அது சான்று. அதில் கப் பற்றவைத்துச் சாரமாக ஆக்கியவர் வேறொருவராக இருக்கலாம்.

முத்திரைகளின்படி பொருளை வகை பிரித்து அடுக்கி, ஒவ்வொன்றையும் படம் எடுத்து, வாடகைக் கடைக்காரரிடம் அவர் வாங்கியபோது கிடைத்த பில்லையும் சோதனைச் சான்றிதழையும் கேளுங்கள். “கையேடு இருக்கிறதா” என்று கேட்டால் இல்லை என்பார். “எந்த நிறுவனத்தில், எந்த ஆண்டு வாங்கினீர்கள்” என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வரும். அந்த இரண்டும் தெரிந்தால், நிறுவனத்தின் இணையதளத்தில் தொழில்நுட்பப் பகுதியில் தேடலாம். அங்கே இல்லையென்றால் முத்திரையின் படத்தை இணைத்து, கட்டுதல், பயன்படுத்துதல், பிரித்தல் ஆகியவற்றுக்கான வழிமுறை ஏடும் சுமை அட்டவணையும் வேண்டும் என்று மின்னஞ்சல் எழுதலாம். விற்பனைக்கான வண்ணப் புத்தகத்தை அனுப்பினால் அதை ஏற்காதீர்கள். அதில் பொருளின் நீளமும் எடையும் இருக்கும்; எப்படிக் கட்டுவது என்பது இருக்காது.

நல்ல கையேடு எவ்வளவு நுணுக்கமாகப் பேசும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். ஜெர்மனியின் லேஹர் நிறுவனத்தின் ஆல்ரவுண்ட் சாரத்தில் கப்புக்குப் பதிலாக வட்டத் தகடும் ஆப்பும் இருக்கும். அந்த ஆப்பை 500 கிராம் சுத்தியலால், அடி தெறித்துத் திரும்பும் வரை அடிக்க வேண்டும் என்று அதன் கையேடு சொல்கிறது. சுத்தியலின் எடை வரைக்கும் குறித்திருக்கிறார்கள். “நன்றாக இறுக்கவும்” என்று மட்டும் எழுதியிருந்தால், ஒவ்வொரு மேஸ்திரியும் தன் கை அளவுக்கு இறுக்குவார்.

இரண்டு கடைப் பொருள் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கவலை தருவது அதுதான். வெவ்வேறு தயாரிப்பாளர்களின் பாகங்கள் வலிந்து திணிக்காமல் பொருந்தி, சாரத்தின் உறுதியும் குறையாமல் இருந்தால் ஒழிய அவற்றைக் கலக்கக் கூடாது என்று அமெரிக்க அரசின் தொழிலாளர் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் விதி 1926.451 கூறுகிறது. நமக்கு அந்த விதி சட்டமில்லை. ஆனாலும் அதன் நியாயம் எந்த ஊருக்கும் பொருந்தும். ஒரு நிறுவனத்தின் லெட்ஜர் நாக்கு இன்னொன்றின் கப்பில் ஒரு மில்லிமீட்டர் தளர்ந்து உட்கார்ந்தால்கூட, மேல் கப்பை எவ்வளவு அடித்தாலும் பிடி முழுமையாக வராது. எங்கள் குழுவில் கலப்புப் பொருள் வந்தால், கட்டடத்தின் ஒரு முகத்துக்கு ஒரு முத்திரைப் பொருள், மறு முகத்துக்கு மற்றது என்று பிரித்துவிடுவோம். சாரத்தின் ஒரே அறைக்குள், அதாவது நான்கு வெர்டிகல்களுக்கு இடைப்பட்ட பகுதிக்குள், இரண்டையும் விடமாட்டோம்.

முத்திரையே இல்லாத பொருளாக இருந்தால், அதைத் திருப்பி அனுப்பிவிட்டு முத்திரையுள்ள பொருளைக் கேளுங்கள். வாடகை சற்றுக் கூடும். நான் அதைத்தான் செய்வேன்.

பதில் 2: தருமபுரி வாடகைக் கடை

நான் தருமபுரியில் சென்ட்ரிங் பொருள்களும் சாரமும் வாடகைக்கு விடுகிறேன். எங்கள் தரப்பில் நடப்பதையும் ஒருவர் சொல்லியாக வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

பொருளைப் புதிதாக வாங்கும்போது கையேடு கேட்டால் தயாரிப்பாளர்கள் தருகிறார்கள். நாங்கள் கேட்பதில்லை. பழைய பொருளைக் கடை மூடுபவரிடமிருந்து எடை போட்டு வாங்கும்போது கையேடு என்ற பேச்சே எழாது. கடைக்குத் திரும்பி வரும் பொருளில் வளைந்ததை நிமிர்த்துவதும், நாக்கு உடைந்த லெட்ஜரில் வேறொரு நாக்கைப் பற்றவைப்பதும் இந்தத் தொழிலில் சாதாரணமாக நடக்கின்றன. நானும் செய்திருக்கிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு ஒரு வாடிக்கையாளரின் பொறியாளர் தயாரிப்பாளரின் கையேட்டை என் முன் வைத்து, சேதமான பாகத்தைத் தளத்திலோ கடையிலோ பற்றவைத்துப் பயன்படுத்தக் கூடாது என்ற வரியைக் காட்டினார். அந்த நிறுவனம் விற்ற பொருள்தான் என் கடையில் பாதி. அன்று முதல் பற்றவைப்பதை நிறுத்திவிட்டேன். வெட்டிய பொருளைப் பழைய இரும்புக்குத்தான் போடுகிறேன். இழப்பு உண்டு. அதை மறைக்கவில்லை.

தளத்தில் இருப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்று. பொருளை ஏற்றும்போதே கடைக்கு வந்து பாருங்கள். லாரியில் ஏறிய பிறகு திருப்பி அனுப்பினால் ஏற்றுக்கூலியும் இறக்குக்கூலியும் யார் தலையில் என்ற வழக்கு வந்துவிடும். அந்த வழக்குக்கு அஞ்சியே பல மேற்பார்வையாளர்கள் மோசமான பொருளையும் ஏற்றுக்கொண்டுவிடுகிறார்கள். கீழ்க் கப்பின் பற்றவைப்பில் விரிசல், கப்பின் விளிம்பில் சுத்தியல் அடியால் ஏற்பட்ட சிதைவு, குழாயில் உள்நோக்கிய பள்ளம், ஒரு குழாயை இன்னொன்றோடு இணைக்கும் முளையில் பூட்டு ஊசி இல்லாமை, சாரத்தின் அடியில் உயரத்தைச் சரிசெய்யும் திருகான பேஸ் ஜாக்கியில் தேய்ந்த மரை ஆகியவற்றைக் கடையிலேயே ஒதுக்கிவிட்டால் எனக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது.

பதில் 3: பாலிடெக்னிக் விரிவுரையாளர், தருமபுரி மாவட்டம்

மேலே இருவரும் பொருளை அடையாளம் காண்பதைப் பற்றி எழுதிவிட்டார்கள். கையேடு கைக்கு வந்தபின் அதை வாசிப்பதில் மாணவர்களும் பொறியாளர்களும் ஒரே இடங்களில் தவறுவதைப் பார்த்திருக்கிறேன். அதைப் பற்றிச் சற்று விரிவாக எழுத அனுமதியுங்கள்.

அதற்கு முன், பொருளைச் சோதிக்க ஓர் எளிய வழி. கப்லாக்கின் குழாய்க்கு வெளிவிட்டம் 48.3 மில்லிமீட்டர், சுவர் தடிமன் 3.2 மில்லிமீட்டர் என்று பல கையேடுகளில் காணலாம். அந்தத் தடிமனில் வெறும் குழாய் மீட்டருக்கு ஏறத்தாழ 3.56 கிலோ இருக்கும். 2.9 மில்லிமீட்டர் என்றால் 3.25 கிலோ, 2.5 என்றால் 2.82 கிலோ. ஆகவே 3 மீட்டர் வெர்டிகலில் குழாயின் பங்கு மட்டும் 10.7 கிலோவிலிருந்து 8.5 கிலோவாகக் குறையும். கப்புகளின் எடை எல்லாவற்றிலும் ஒன்றே என்பதால், ஒரே முத்திரையும் ஒரே நீளமும் கொண்ட வெர்டிகல்களைத் தராசில் வைத்து, கையேட்டில் அச்சிட்டுள்ள எடையோடு ஒப்பிட்டால், மெலிந்த குழாயும் உள்ளே துருப்பிடித்துத் தின்னப்பட்ட குழாயும் தாமாகவே வெளிப்பட்டுவிடும். கீழ் முனையில் வெர்னியரால் அளப்பதைவிட இது நம்பகமானது. ஏனெனில் முனையில் தடிமன் சரியாக இருந்து நடுவில் அரித்திருப்பதை வெர்னியர் காட்டாது. பழக்கடைத் தராசு போதும்.

இனி அட்டவணை. முதலில் அதன் தலைப்பை வாசியுங்கள். கப்லாக் கையேடுகளில் பெரும்பாலும் இரு வகை அட்டவணைகள் இருக்கும்: ஒன்று கான்கிரீட் தளத்தைத் தாங்கும் சென்ட்ரிங் வேலைக்கு, மற்றொன்று ஆள் ஏறி நின்று வேலை செய்யும் சாரத்துக்கு. முன்னதில் எல்லாப் பக்கமும் லெட்ஜரும் குறுக்குக் குழாயும் கொண்ட அடர்ந்த அமைப்பைக் கருதி எண் கொடுத்திருப்பார்கள். சுவரோரம் ஒற்றை வரிசை அறைகளாக நிற்கும் சாரத்துக்கு அந்த எண்ணை எடுத்தாள்வது தவறு. அடுத்து, அந்த எண் பாதுகாப்பான வேலைச் சுமையா, முறியும் நிலைச் சுமையா, அல்லது வடிவமைப்புத் தாங்குதிறனா என்பதைப் பாருங்கள். ஐரோப்பியத் தரம் ஈ.என். 12811 முறையில் சுமைக்கு 1.5, பொருளுக்கு 1.1 என்ற காரணிகள் உண்டு; இரண்டையும் பெருக்கினால் 1.65. ஓஷாவோ சாரமும் அதன் ஒவ்வொரு பாகமும் தன் எடையோடு, ஏற்றக் கருதிய சுமையைப் போல் நான்கு மடங்கைத் தாங்க வேண்டும் என்கிறது. எந்த முறையில் வந்த எண் என்று தெரியாமல் எடுத்தால், அதே எண் ஒரு முறையில் பாதுகாப்பாகவும் இன்னொரு முறையில் ஆபத்தாகவும் ஆகிவிடும்.

மூன்றாவதாக, லெட்ஜர்களுக்கு இடையிலான செங்குத்து இடைவெளி. கப்லாக் வெர்டிகலில் கீழ்க் கப்புகள் 500 மில்லிமீட்டருக்கு ஒன்று என்ற கணக்கில் இருப்பதால் 1 மீட்டர், 1.5 மீட்டர், 2 மீட்டர் என்று நாம் விரும்பிய உயரத்தில் லெட்ஜர் போட முடிகிறது. மெல்லிய கம்பம் நசுங்கி முறிவதில்லை. பக்கவாட்டில் வளைந்துதான் விழுகிறது. வளையாமல் தாங்கும் சுமை, பிடிப்பில்லாத நீளத்தின் வர்க்கத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் குறையும். 1.5 மீட்டரை 2 மீட்டராக்கினால் கணக்குப்படி ஏறத்தாழ 56 விழுக்காடுதான் மிஞ்சும். ஆள் குனியாமல் நடக்க வசதியாக இருக்கும் என்று நடுவில் ஒரு லெட்ஜரைக் கழற்றிவிடும் பழக்கம் நம் தளங்களில் உண்டு. அவர்கள் கழற்றுவது ஒரு குழாயைத்தான். ஆனால் இடைவெளி இரட்டிப்பானால், கணக்குப்படி குறைவதோ கம்பத்தின் முக்கால் பங்குத் திறன்.

அடுத்தது பலகையின் சுமை. ஈ.என். 12811 சாரங்களை ஆறு சுமை வகுப்புகளாகப் பிரிக்கிறது: சதுர மீட்டருக்கு 0.75, 1.5, 2, 3, 4.5, 6 கிலோ நியூட்டன். ஒரு கிலோ நியூட்டன் என்பது ஏறத்தாழ 102 கிலோ எடை. உங்கள் அறை 2 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம் என்று கொள்வோம். பரப்பு 2.4 சதுர மீட்டர். மூன்றாம் வகுப்பில், அதாவது 2 கிலோ நியூட்டனில், ஒரு தட்டில் ஓர் அறைக்கு 4.8 கிலோ நியூட்டன், அதாவது 490 கிலோ. இரண்டு கொத்தனாரும் ஒரு சித்தாளும் 195 கிலோ. ஆறு பாண்டு கலவை 150 கிலோ. மொத்தம் 345, பூச்சு வேலைக்குச் சரி. ஆனால் கைப்பிடிச் சுவரில் ஏதோ மிச்சம் இருக்கிறது என்று அதே அறையில் நூறு செங்கல்லை அடுக்கினால் இன்னும் 300 கிலோ கூடி அளவு தாண்டிவிடும். செங்கல் ஏற்றப்போகிறீர்களா இல்லையா என்பதைக் கட்டும் முன்பே முடிவு செய்ய வேண்டும்.

நடுவில் உள்ள ஒரு வெர்டிகல் தன் இருபுற அறைகளிலிருந்தும் கால் பங்காகப் பெற்று, மொத்தம் அரை அறையின் சுமையைத் தாங்கும். இரண்டு தட்டுகளில் ஒரே நேரத்தில் வேலை நடந்தால் அது 4.8 கிலோ நியூட்டன். எல்லாத் தட்டிலும் பலகை போட்டிருந்தால் சாரத்தின் சொந்த எடை இன்னொரு மூன்று, மூன்றரை கிலோ நியூட்டன் சேரும். ஆக எட்டை ஒட்டி வரும். இந்த எட்டு கிலோ நியூட்டனும் 150 மில்லிமீட்டர் சதுரமான அடித்தகட்டின் வழியாக மண்ணில் இறங்குகிறது. சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 36 டன் அழுத்தம். புதிதாக நிரப்பிய மண்ணில், அதுவும் ஐப்பசி மழையில் ஊறிய பின், அது நிற்காது. அடித்தகட்டின் கீழ் 225 மில்லிமீட்டர் அகலமும் 450 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட தடித்த மரப்பலகை வைத்தால் அழுத்தம் 8 டன்னாகக் குறையும். செங்கல் துண்டையும் ஹாலோ பிளாக்கையும் முட்டுக் கொடுப்பதை எந்த நிறுவனத்தின் கையேடும் அனுமதிப்பதில்லை. இவை ஒரு மாதிரிக் கணக்கு என்பதை மறக்க வேண்டாம். உங்கள் தளத்துக்கான கணக்கை, காற்றையும் சேர்த்து, ஒரு கட்டமைப்புப் பொறியாளர் போட்டுக் கையெழுத்திட வேண்டும்.

இறுதியாக, உங்கள் பழைய அனுபவத்துக்கு நேரடியாகத் தொடர்புடைய பகுதி: சுவர்ப் பிணைப்பு. சாரத்தின் உயரம் அதன் அடி அகலத்தைப் போல் நான்கு மடங்கைத் தாண்டினால் அதைக் கட்டடத்தோடு பிணைக்க வேண்டும் என்பது ஓஷா விதி, 1.2 மீட்டர் அகலச் சாரத்துக்கு அது 4.8 மீட்டர் உயரத்திலேயே வந்துவிடுகிறது. அதற்கு மேல் 26 அடிக்கு ஒரு முறை செங்குத்தாகவும், 30 அடிக்கு மிகாமல் கிடைமட்டமாகவும் பிணைப்பு வேண்டும். ஆனால் அந்த விதியே தயாரிப்பாளரின் பரிந்துரையைத்தான் முதலில் வைத்து, இந்த அளவுகளை அடுத்ததாகக் குறிப்பிடுகிறது. ஏனெனில் நல்ல கையேட்டில் வலை இல்லாத சாரம், வலை போர்த்தியது, தார்ப்பாய் மூடியது என்று மூன்றுக்கும் தனித்தனிப் பிணைப்பு வரைபடம் இருக்கும். வலை காற்றைப் பிடிக்கிறது. பக்கத்து வீட்டில் தூசு விழுகிறது என்று பாதி வேலையில் வலையைப் போர்த்துபவர்கள், அதற்கேற்பப் பிணைப்பைக் கூட்டுவதில்லை. நீங்கள் சொன்ன சாரம் சாய்ந்தது இதனால்தானா என்பதை நேரில் பார்க்காமல் நான் சொல்லக் கூடாது. ஆனால் வலை கட்டிய நாளையும் பிணைப்புகளின் எண்ணிக்கையையும் நினைவுபடுத்திப் பாருங்கள்.

கையேட்டோடு இந்தியத் தரங்களையும் வைத்துக்கொள்ளுங்கள். சாரப் பாதுகாப்புக்கு ஐ.எஸ். 3696 முதல் பகுதி, 1987. இரும்புக் குழாய்ச் சாரத்துக்கு ஐ.எஸ். 4014. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் இணையதளத்தில் பதிவு செய்துகொண்டால் இவற்றைக் கட்டணமின்றிப் பதிவிறக்கலாம். இவை பொதுவான விதிகள். குறிப்பிட்ட ஒரு கப் எவ்வளவு தாங்கும் என்பதை இவை சொல்லா. கட்டடத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் 1998இல் வந்த மத்திய விதிகளோ, பொறுப்பான ஒருவரின் மேற்பார்வையில் அன்றிச் சாரத்தைக் கட்டவோ மாற்றவோ பிரிக்கவோ கூடாது என்றே வகுத்தன. அந்தப் பொறுப்பாளர் கையில் இருக்க வேண்டியது தயாரிப்பாளரின் கையேடு.

பதில் 4: பர்கூர் மேஸ்திரி

ஐயா எழுதியவை எல்லாம் சரி. அவற்றை மேலே நிற்பவரிடம் கொண்டு சேர்ப்பது எப்படி என்பது பற்றி ஒரு வார்த்தை. எங்கள் குழுவில் தமிழ் பேசுவோர் பாதிப்பேர். மீதிப்பேர் தெலுங்கும் கன்னடமும் பேசுவார்கள், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களும் இருக்கிறார்கள். கையேடு ஆங்கிலத்தில் இருக்கிறது. ஆனால் அதில் படங்கள் உண்டு. எங்கள் பொறியாளர், கட்டும் வரிசையைக் காட்டும் மூன்று பக்கங்களையும், ஒதுக்க வேண்டிய சேதங்களின் படப் பக்கத்தையும் பெரிதாக அச்சிட்டு, கண்ணாடித் தாள் ஒட்டி, ஏணி ஏறும் இடத்தில் மாட்டினார். பக்கத்தில் “இந்த அறையில் 3 ஆள், 6 பாண்டு” என்று நான்கு மொழிகளில் எழுதி வைத்தார். கிலோ நியூட்டன் என்று எழுதியிருந்தால் எங்களுக்கு விளங்கியிருக்காது. ஆளும் பாண்டும் விளங்கும். கூடுதலாக ஒரு பாண்டு ஏற்ற வந்தவரை, மேலே இருந்தவரே வேண்டாம் என்று கீழே அனுப்பியதை நான் பார்த்தேன்.

பதில் 5: கிருஷ்ணகிரி தள மேற்பார்வையாளர்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. பன்னிரண்டு நாள்களுக்குப் பிறகு, செய்ததை எழுதுகிறேன்.

கம்பிப் பிரஷால் தேய்த்ததில் மூன்று வகை முத்திரைகள் தெரிந்தன. இருபத்தாறு லெட்ஜர்களில் எதுவும் இல்லை. முத்திரையில்லாதவற்றையும், மிகக் குறைவாக இருந்த மூன்றாம் வகையையும் திருப்பி அனுப்பினேன். ஒரு கடைக்காரர் கோபித்துக்கொண்டார். மற்றவர் பழைய பில்லைத் தேடி எடுத்துக் கொடுத்தார். அந்தப் பில்லில் இருந்த நிறுவனத்துக்குப் படத்தோடு எழுதியதில் நான்காம் நாள் கையேடு வந்தது. இன்னொரு நிறுவனத்தின் கையேடு அவர்களின் இணையதளத்திலேயே இருந்தது. வெர்டிகல்களை எடை போட்டதில், ஒரே முத்திரையில் ஒன்பது குழாய்கள் மற்றவற்றைவிட ஒன்றரைக் கிலோவுக்கு மேல் குறைந்தன. தட்டிப் பார்த்தபோது உள்ளிருந்து துரு கொட்டியது. வெளியே புதுப் பெயின்ட் பளபளத்தது.

சாலைப் பக்க முகத்துக்கு ஒரு நிறுவனம், பின்பக்கத்துக்கு மற்றது என்று பிரித்துக்கொண்டோம். ஆலோசனைப் பொறியாளர் இரு கையேடுகளையும் வைத்துக் கணக்கிட்டு, தட்டு இடைவெளியையும் பிணைப்பு இடங்களையும் குறித்து வரைபடம் கொடுத்தார். வலை கட்டுவதாக முன்கூட்டியே சொன்னதால், பிணைப்புகள் நான் நினைத்திருந்ததைப் போல் ஏறத்தாழ இரு மடங்காயின. விரிவுரையாளர் ஐயா கேட்டதைப் பழைய தளத்தின் படங்களில் தேடினேன். வலை கட்டும் முன்பும் பின்பும் பிணைப்பு எண்ணிக்கை ஒன்றேதான். அப்போது அந்தத் தளத்தில் நானும் இருந்தேன். என் கண்ணில் அது படவில்லை.

ஒரே ஒரு ஐயம் மீதமிருக்கிறது. பூச்சு மேலிருந்து கீழாக வரும்போது, பிணைப்பு இருக்கும் இடத்தில் கொத்தனார்கள் அதைக் கழற்றச் சொல்கிறார்கள். கையேட்டில், பிரிக்கும் நிலைக்கு வருமுன் பிணைப்பை நீக்கக் கூடாது என்று இருக்கிறது. என்ன செய்வது?

பதில் 6: ஓசூர் சாரப் பொறுப்பாளர்

தம்பி, கழற்றாதீர்கள். பிணைப்பைச் சுற்றி ஒரு கை அகலம் பூசாமல் விட்டுவிட்டு மேலே செல்லச் சொல்லுங்கள். சாரத்தை மேலிருந்து ஒவ்வொரு தட்டாகப் பிரித்து இறக்கும்போது, அந்தத் தட்டுக்குரிய பிணைப்பை அப்போது எடுத்து, அதே தட்டில் நின்றபடி ஒரு கொத்தனார் அந்த இடத்தைப் பூசி முடித்துவிடலாம். இதற்காக ஒரு கொத்தனாரைப் பிரிக்கும் நாள்களிலும் வைத்துக்கொள்ள வேண்டும். அந்தக் கூலியை இப்போதே உரிமையாளரிடம் சொல்லிவிடுங்கள். வலையையும் அதே வரிசையில், பிணைப்பை எடுப்பதற்கு முன்பே அவிழ்த்துவிட வேண்டும். ஒரு பிணைப்பு ஜன்னலுக்கு நேரே வந்து எப்படியும் இடம் மாற்றியாக வேண்டும் என்றால், புதியதை அருகில் பொருத்தி இறுக்கிய பிறகே பழையதை எடுங்கள். எடுக்கும் முன் வரைபடம் போட்ட பொறியாளரிடம் தொலைபேசியில் சொல்லி, மாற்றிய இடத்தை வரைபடத்தில் குறித்து அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.